பச்சை வலையும் இரண்டு காற்றும்: ஐந்து வருடப் பாவனை

2020 ஆவணியில் கிளிநொச்சியில் ஒரு கடையில் 50 வீத நிழல் வலை, அதாவது வெயிலில் பாதியை மறிக்கும் வலை, வாங்கினேன். கடைக்காரர்கள் 'பச்சை நெற்' என்பார்களே, அதுதான். வாங்கியது வெயிலுக்காக. விசுவமடுப் பக்கம் ஆனி, ஆடியில் மண் கொதிக்கும்; அந்தூரியச் சாடிகள் காலை பத்து மணிக்கே இலையைத் தொங்கப்போட்டுவிடும். நாலு கம்பு நட்டு, வலையைப் பந்தல் மாதிரி இழுத்துக் கட்டினேன். மூன்று மாதம் நல்ல சுகம்.

டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியது. விடியப் போய்ப் பார்த்தால் பந்தலைக் காணவில்லை. நாலு கம்பில் இரண்டைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வளவு முருங்கையில் தொங்கியது. அந்த வீட்டு ஆச்சி சிரித்தபடி சொன்னா: "பந்தல் கலியாணத்துக்கு மோனை. காத்துக்கு வேலியெல்லோ கட்டோணும்."

அதைக் கேட்டு வலையை நிமிர்த்திக் கட்டினேன். கார்த்திகை பிறந்தால் வடகிழக்குப் பக்கம், வாடைக்காற்றுக்கு. வைகாசியில் அவிழ்த்துத் தென்மேற்குப் பக்கம், சோளகத்துக்கு. ஒரே வலைதான், வருடத்தில் இரண்டு தரம் இடம் மாறும். சோளகம் அடிக்கும் மாதங்களில் எங்கள் மிளகாய்க் கன்று வாடுவது வெயிலால் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மறைப்புக்குப் பின்னால் நின்றவை அதே வெயிலில், அதே தண்ணியில் நிமிர்ந்து நின்றன. இலையில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போவது காற்று.

தறப்பாள் கட்டினால் என்ன என்று கேட்பீர்கள். கட்டிப் பார்த்தேன். தறப்பாள் காற்றை முழுக்க மறிக்கிறது. மறிபட்ட காற்று மேலால் ஏறி, அந்தப் பக்கம் சுழன்று விழுகிறது. பயிற்றங்கொடி முறிந்தது அந்த முறைதான். வலை காற்றைச் சல்லடை போலப் பிரித்து, வேகத்தைக் குறைத்து விடுகிறது. ஆணி அடிக்கும்போது சோடா மூடியைத் துளைத்து ஆணிக்கும் வலைக்கும் நடுவில் வையுங்கள். வெறும் ஆணி அடித்த இடமெல்லாம் முதல் வருடமே கிழிந்தது; மூடி வைத்த இடம் நாலாம் வருடம்தான் தளர்ந்தது.

குளிருக்கு உதவுமா? 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் நேரம் வடக்கிலும் கிழக்கிலும் மாடு, ஆடுகள் நூற்றுக்கணக்கில் விறைத்துச் செத்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த நாட்களில் வலைக்குப் பின்னால் நின்ற மிளகாயும் கத்தரியும் தப்பின. வெளியே விட்டிருந்த மூன்று அந்தூரியத்தில் இலை ஓரம் கருகியது. ஆனால் முழுப் பெயரையும் வலைக்குக் கொடுக்க மாட்டேன். அந்த மூன்று சாடியின் கீழ்த் தட்டிலும் மழைத்தண்ணி தேங்கி நின்றதை நான் கவனிக்கவில்லை. குளிரில் நனைந்த வேர் அழுகியதும் ஒரு காரணம். இப்போது ஐப்பசியிலேயே தட்டுகளை எடுத்து, சாடிகளைச் செங்கல்லில் ஏற்றிவிடுகிறேன். அடியில் போட்ட வைக்கோலையும் அள்ளிவிடுவேன், இல்லாவிட்டால் நத்தை குடியேறும்.

தைப்பனி வேறு கதை. தைப்பனி தரையைத் துளைக்கும் என்று சும்மா சொல்லவில்லை. தெளிந்த இரவில் இலை தன் சூட்டை வானத்துக்கு விட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துபோகும், பனி வந்து படியும். அதற்கு வலையை மேலே விரித்தால் பனி நூலில் கோர்த்து, சொட்டுச் சொட்டாக நாற்றுமேடையில் விழுகிறது. காலையில் தக்காளி நாற்று நனைந்தபடிதான். இதில் கிடுகுதான் கெட்டிக்காரன். மாலையில் இரண்டு கிடுகை மேடைக்கு மேல் வைத்து, எட்டு மணிக்கு எடுத்தால் நாற்று உலர்ந்தே இருக்கும். எடுக்க மறந்தால் நாற்று வெளிறி நெடுத்துவிடும். கிடுகைக் கறையான் தின்னும், வருடம் ஒருமுறை மாற்றத்தான் வேண்டும்.

வலைக்குக் கறையான் பயமில்லை, குரங்குப் பயம் உண்டு. ஒரு கூட்டம் ஊஞ்சல் ஆடிவிட்டுப் போனால் அரை நாள் தையல் வேலை.

'பத்து வருடம் உழைக்கும்' என்று சொல்லித்தான் விற்றார்கள். நாலாம் வருடமே வலை சாம்பல் நிறமாகிவிட்டது. இப்போது நகத்தால் கிள்ளினால் நூல் பொடியாகக் கையில் வருகிறது. அந்தப் பொடி என் மண்ணில்தானே விழுகிறது, அதுதான் மனதுக்குச் சரிவரவில்லை.

வாங்கலாமா என்றால், வாடைப் பக்கத்துக்கு வாங்கலாம், நானும் திரும்ப வாங்குவேன். அந்தப் பக்கம் ஒழுங்கை, மரம் வைக்க இடமில்லை. தென்மேற்குக்கு வேண்டாம். அங்கே வலை கட்ட நட்ட சீமைக்கிளுவைக் கதியால்கள் தளிர்த்து, இப்போது வலையைவிட உயரம். இந்த வருடம் அவிழ்த்த வலையை அங்கே கட்டவேயில்லை. பழசில் கிழியாத துண்டை வெட்டிக் கிணற்றுக்கு மேல் போட்டிருக்கிறேன், இலை விழாமல் இருக்க.