வண்ணார்பேட்டை ஞாயிறு ஜாவா வகுப்பு: நாலாவது வாரத்துக்காகவே போகலாம்

வண்ணார்பேட்டையில் ஒரு மாடியில் ஞாயிறுதோறும் நடக்கும் ஜாவா (புரோகிராம் எழுதும் மொழி) வகுப்புக்கு ஆறு வாரம் போய்வந்தேன். குறையும் சொல்லப் போவதால் பேர் வேண்டாம். முதல் மூன்று வாரம் சுமார்தான், இன்டர்ஃபேஸையே (ஒரு கோட் என்னென்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லும் ஒப்பந்தம்) சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

நாலாவது வாரம் என் ஆபீஸ் தலைவலியைக் கேட்டேன். கிளாஸ் என்றால் ஆப்ஜெக்ட்டுகளை உருவாக்கும் கோட் வார்ப்பு. ஒரு பேரன்ட் கிளாஸ், கீழே அதன் கோடைப் பெற்றுக்கொள்ளும் 14 சைல்டு கிளாஸ். ஜாவாவில் கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் பகுதி) சைல்டுக்குத் தானாக வராது, அதனால் பேரன்ட் கேட்கிற லாகர் (நடப்பதைப் பதிவு செய்வது), டேட்டாபேஸ் எல்லாவற்றையும் ஒவ்வொரு சைல்டும் தன் கன்ஸ்ட்ரக்டரில் வாங்கி சூப்பர் (பேரன்ட் கன்ஸ்ட்ரக்டரை அழைக்கும் சொல்) வழியாக மேலே தள்ள வேண்டும், பேரன்ட்டுக்குப் புதிதாக ஒன்று தேவைப்பட்டால் 14 ஃபைலையும் திறக்க வேண்டும், டெஸ்ட் உடைவது தனி.

சார் போர்டில் ஒரு அல்வாக் கடை பில்லை எழுதினார். 'பில்' பேரன்ட், கடை பில், பார்சல் பில் சைல்டுகள். பேரன்ட் கையில் பிரிண்டர், ஜிஎஸ்டி கணக்கு, எஸ்எம்எஸ். "ஏம்ப்பா, கடை வாசல்ல நின்னு இலையில வாங்கித் திங்கிறவனுக்கு எஸ்எம்எஸ் எதுக்கு?" என்றார். எஸ்எம்எஸ் பார்சலுக்கு இறங்கியது. ஜிஎஸ்டி தனி கிளாஸ் ஆனது. கடைசியில் சைல்டே இல்லை: ஒரே பில் கிளாஸ், 'கொடுக்கும் முறை' என்ற இன்டர்ஃபேஸைக் கன்ஸ்ட்ரக்டரில் வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். டிபென்டென்சி (ஒரு கிளாஸுக்குத் தேவைப்படும் மற்ற ஆப்ஜெக்ட்) எல்லாவற்றையும் ஒரே ஆப்ஜெக்ட்டில் போட்டு அனுப்பினால் என்ன என்று பின் பெஞ்சுத் தம்பி கேட்டதற்கு, "மஞ்சப்பையில கட்டுனா பாரம் குறையுமாடே?" என்றார். பைக்குள் எது யாருக்குத் தேவை என்பதும் தெரியாமல் போய்விடும் என்பது சரியான பேச்சு. மறுநாளே ஆபீஸில் ஐந்து சைல்டுகளை ஒழித்தேன்.

ஆனால் பேரன்ட் நம்முடையதாக இல்லாமல் ஃபிரேம்வொர்க்குடையதாக (நாம் மேலே கட்டும் ஆயத்தக் கோட்) இருந்தால்? அங்கே சார் நழுவிவிட்டார். ஸ்பிரிங் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்கில் 4.3-இலிருந்து கிளாஸில் ஒரே கன்ஸ்ட்ரக்டர் இருந்தால் ஆட்டோவயர்டு (தேவையானதை நீயே கொடு என்று ஸ்பிரிங்குக்குச் சொல்லும் குறி) எழுத வேண்டியதில்லை என்றதோடு சரி. பேரன்ட்டுக்கு வேண்டியதை செட்டர் (ஆப்ஜெக்ட் உருவான பிறகு மதிப்பைக் கொடுக்கும் வழி) வழியாகக் கொடுத்தால் சைல்டு கன்ஸ்ட்ரக்டர் சுத்தமாக இருக்கும், ஆனால் ஃபீல்டை ஃபைனல் (பிறகு மாற்ற முடியாதது) ஆக்க முடியாது, கொடுக்க மறந்தால் ஓடும்போதுதான் நல் (காலி) என்று விழும் என்பதையெல்லாம் நானேதான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வெப் பக்கங்களுக்கான ஆங்குலர் ஃபிரேம்வொர்க்கில் 14-ஆம் பதிப்பிலிருந்து கம்போனென்ட் கிளாஸ்களிலும் பயன்படுத்த முடிகிற இன்ஜெக்ட் ஃபங்ஷன் இந்த சூப்பர் சுமையையே எடுத்துவிடுகிறது. ஜாவா வகுப்புதான், ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அப்புறம், ஏசி பேருக்குத்தான். ஜன்னல் பக்கம் இடம் பிடித்துக்கொள்ளுங்கள், கட்டணத்துக்கு ரசீதைக் கேட்டு வாங்குங்கள், எனக்கு மூன்றாவது தடவை கேட்டபோதுதான் வந்தது.