பழையாற்று மழைநீர்: தனித்தனி அனுமதியா, கூட்டு அனுமதியா, ஒரே வாரியமா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் சுருளோடு பக்கம் மலையடிவாரத்தில் பிறக்கும் பழையாறு மணக்குடியில் கடலைத் தொடுவதற்குள் பேரூராட்சிகள், ஊராட்சிகள், நடுவே நாகர்கோவில் மாநகராட்சி என்று பல நிர்வாகங்களைத் தாண்டுகிறது. பூதப்பாண்டி மேலே, சுசீந்திரம் கீழே. ஒவ்வொரு உள்ளாட்சியும் தன் எல்லைக்குள் கட்டட அனுமதி கொடுக்கிறது, மழைநீர் ஓடைக்கு டெண்டர் விடுகிறது. கீழ்ப்பக்கத்து ஊரை ஒரு வார்த்தை கேட்கும் வழக்கம் இல்லை. 2021 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகும் அப்படித்தான்.

ஓடைத் தண்ணீரை ஆற்றில் விட உள்ளாட்சியே அனுமதி வாங்க வேண்டும் என்ற ஏற்பாடு அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே தூய நீர்ச் சட்டத்தை 1987-ல் திருத்தினார்கள். 1990 விதிகளில் ஒரு லட்சம் பேருக்கு மேல் வசிக்கும் நகரங்கள் வந்தன, 1999 விதிகளில் சிறிய நகரங்கள். அனுமதியின் ஆயுள் அதிகபட்சம் 5 ஆண்டு. அவர்களுடைய முதல் கவலை அழுக்கு: எண்ணெய், மண், குப்பை. நமக்கு அழுக்கோடு வெள்ளமும் சேர்ந்தே வருகிறது. அப்படி ஒரு அனுமதி முறை பழையாற்றுக்கு வருவதானால் எந்த வடிவில் வரலாம்?

தனித்தனியாக வாங்குவது முதல் வழி. யாரையும் எதிர்பார்க்க வேண்டாம், வேலை சீக்கிரம் நடக்கும், தவறு நடந்தால் யாரைப் பிடிப்பது என்று மக்களுக்கும் தெரியும். சிக்கல் எல்லையில் வருகிறது. மேலே இருப்பவர் மூன்றடி அகல ஓடையை கான்கிரீட்டில் கட்டிக்கொண்டு வந்து எல்லைக்கல்லில் நிறுத்துகிறார் என்று வையுங்கள். அடுத்த ஊராட்சியில் சாலைக்கு அடியில் போட்டிருப்பது ஓரடி ஹியூம் பைப், அதாவது சிமென்ட் குழாய். இருவர் காகிதமும் சரிதான், தண்ணீர் நிற்பது மட்டும் யாரோ ஒருவர் வீட்டு வாசலில்.

அதைவிடப் பெரிய விஷயம் வயல். பத்து சென்ட் வயலில் அரையடி உயர வரப்பு இருந்தால், ஒரு மழையில் சுமார் 60,000 லிட்டர் அங்கேயே நிற்கும். அதே பத்து சென்டில் செம்மண் அடித்து வீடு கட்டினால் அந்த 60,000 லிட்டர் தாழ்ந்த பக்கம் ஓட வேண்டியதுதான். வீட்டுக்காரர் சட்டப்படி மழைநீர் சேகரிப்புத் தொட்டி வைத்திருப்பார். 2003 முதல் அது கட்டாயம். ஆனால் 1,000 சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தாலே 9,000 லிட்டருக்கு மேல் வரும். வழக்கமாக வைக்கும் சின்னத் தொட்டி எந்த மூலைக்கு? 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் 2,500 சதுர அடி வரையிலான மனைகளுக்கு முன்கூட்டியே ஆய்வும் கிடையாது. மக்களுக்கு அலைச்சல் குறைந்தது, நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு வீடாகப் பார்க்கும் முறை மொத்தமாகத் தொலைந்த வயலைக் கணக்கில் எடுக்காது. வடகிழக்குப் பருவமழையில் கும்பப்பூ பருவத்து நெல் நாற்று மூழ்கும்போதுதான் அந்தக் கணக்கு வெளியே தெரியும்.

இதற்கு நேர் எதிர் வழி, படுகை முழுவதற்கும் ஒரே வாரியம். ஜெர்மனியில் எம்ஷர் ஆற்றுக்கு 1899-லேயே இப்படி ஒரு சங்கம் அமைத்தார்கள். கரையோர நகரங்களும் சுரங்கங்களும் ஆலைகளும் உறுப்பினர்கள்; பணமும் அவர்களே கட்ட வேண்டும். இன்றைக்கும் அது இயங்குகிறது. ஒரே பொறியாளர் குழு, ஒரே வரைபடம், ஒரே கணக்கு என்பது கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே உறுப்பினர் பணமும் கட்டுகிறார், ஓட்டும் போடுகிறார். இங்கே வாரியம் என்றால் மேலிருந்து அதிகாரி வருவார், ஃபைல் சென்னைக்குப் போகும், ஊராட்சித் தலைவர் மனு கொடுப்பவராக மாறிவிடுவார். வயலை மண் போட்டு மூட அனுமதிக்கும் அதிகாரம் வாரியத்துக்கு வராது என்றால், அது தூர் வாரும் இன்னொரு அலுவலகம்தான்.

நடுவில் இருப்பது கூட்டு அனுமதி. ஆறு ஒன்று, அனுமதிக் காகிதமும் ஒன்று, கையெழுத்துப் போடுபவர்கள் பலர். அமெரிக்க விதிப்படி ஒவ்வொருவரும் தன் ஓடையிலிருந்து போகும் தண்ணீருக்கு மட்டுமே பொறுப்பு. வேலையைப் பக்கத்து ஊரிடம் ஒப்படைக்கலாம். அவர் செய்யாவிட்டால் ஒப்படைத்தவர் தலையில்தான் விடியும். எனக்குப் பிடித்தது இந்த இடம்தான். லாஸ் ஏஞ்சல்ஸில் 2012-ல் கொடுத்த அனுமதியில் 84 நகரங்கள் சேர்ந்திருந்தன. ஆனால் அங்கேயே ஒரு பாடமும் உண்டு. முந்தைய அனுமதியில் ஆற்றின் நடுவே சில இடங்களில்தான் தண்ணீரைச் சோதித்தார்கள். அளவு மீறியபோது 'அது எங்கள் ஓடை அழுக்கு என்று எப்படிச் சொல்வீர்கள்?' என்ற வாதம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2013-ல் கடைசியாக மேல்முறையீட்டு நீதிமன்றம், அனுமதியின் வாசகப்படி அந்தச் சோதனையே போதும், கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) நிர்வாகம் பொறுப்பு என்று சொல்லிவிட்டது. ஆகவே சுசீந்திரம் பாலத்தடியில் மட்டும் அளந்தால் வம்புதான் வரும். ஒவ்வொரு ஓடையும் ஆற்றில் விழும் வாயில் அளக்க வேண்டும். 2022-ல் ராம்சார் எனும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம் - தேரூர் ஈரநிலத்துக்கும் அது உதவும்.

கூட்டு அனுமதிக்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, வேலையைத் தொடங்க ஓர் இடம் இருக்கிறது. அரசியலமைப்பின் 243ZD பிரிவு மாவட்டத் திட்டக் குழுவைப் பற்றிச் சொல்கிறது. ஊராட்சிகளும் நகராட்சிகளும் பொதுவாகப் பார்க்க வேண்டியவை என்று அது சொல்லும் பட்டியலில் தண்ணீர்ப் பகிர்வும் சுற்றுச்சூழலும் இருக்கின்றன. வடிகால் திட்டத்தை அந்த மேசைக்குக் கொண்டுபோனால், மாநகராட்சி பெரியண்ணன் என்று ஊராட்சிகள் முணுமுணுக்காது. கொஞ்சம் குறைவாக முணுமுணுக்கும்.

என் ஓட்டு கூட்டு அனுமதிக்கு, ஒரு நிபந்தனையோடு. உள்ளாட்சிகள் மட்டும் கையெழுத்துப் போட்டால் பாதித் தண்ணீர் காகிதத்துக்கு வெளியே நிற்கும். சானலும் (பாசனக் கால்வாய்) பெரிய குளங்களும் நீர்வளத்துறை கையில், பெரிய சாலைகளின் பாலங்கள் நெடுஞ்சாலைத்துறை கையில். தெருத்தெருவாக ஓடை கட்டிச் சானலில் கொண்டுபோய் விட்டுவிட்டு, சானல் கரை உடைந்தால் அது நம் வேலை இல்லை என்று நகர்ந்துவிடலாம். அந்த இரண்டு துறைகளும் உறுப்பினராக வர வேண்டும்.

குழித்துறை ஆற்றுக்கு இதை அப்படியே தூக்கிப் போட முடியாது. அங்கே பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளில் மதகு திறக்கும் நேரம் தெரு ஓடைகளைவிடப் பெரிய கேள்வி.

பணத்தைப் பங்கிடும்போது மக்கள்தொகையை வைத்துப் பிரித்தால் தவறாகப் போகும். கூரை, சிமென்ட் முற்றம், தார்ச்சாலை எவ்வளவு பரப்பு என்று பார்த்து வசூலிக்க வேண்டும், மூடாமல் விட்ட வயலுக்குத் தள்ளுபடி கொடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் நாகர்கோவில் அதிகம் கட்டும், தோவாளைப் பக்கம் வயல் வைத்திருக்கும் ஊராட்சிகளுக்குக் கைக்கு ஏதாவது வரும். மாநகராட்சிக் கூட்டத்தில் இதற்குத்தான் முதல் எதிர்ப்பு எழும். அதனால் ஓடை வரைபடத்தைத் தொடுவதற்கு முன்னால் இந்தப் பங்கைப் பேசி முடித்துவிட வேண்டும்.