ஆயாவின் குரலை எதைக் கொண்டு அளப்பது?

குடியாத்தத்திலிருந்து ஆயா வேலூரிலுள்ள பேரனோடு தொலைபேசியில் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மெல்லிய குரல், பின்னால் தறியோசை. தொடக்ககால டிஜிட்டல் தொலைபேசியின் தரத்தை அந்தக் குரலைக் கொண்டுதான் எடைபோட வேண்டும் என்பது என் கட்சி.

அந்தத் தொலைபேசியின் அடிப்படையான பிசிஎம் முறை குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட் எண்ணாக்கி அனுப்புகிறது. அளவு பக்கத்து எண்ணுக்கு நகர்த்தப்படும்போது விழும் சிறு பிழைதான் இரைச்சலாகக் கேட்கிறது. குரல் அந்த இரைச்சலைவிட எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்பதைக் கருவியால் டெசிபலில் அளக்கலாம்; எண் கூடினால் தரம் கூடும். அல்லது ஆட்களைக் கேட்கவைத்து 1 முதல் 5 வரை மதிப்பெண் வாங்கலாம்.

கருவி விரைவானது, யார் அளந்தாலும் ஒரே விடை தரும். ஆனால் உரத்த ஒலியில் மட்டும் அளந்தால் ஏமாற்றிவிடும். சம இடைவெளிப் படிகள் கொண்ட 8 பிட் முறை முழு உரப்பில் ஏறக்குறைய 50 டெசிபல் காட்டும். இந்தியாவும் ஐரோப்பாவும் ஏற்ற ஏ-லா முறை சுமார் 38. காகிதத்தில் முன்னதற்கே வெற்றி! உரப்பை 40 டெசிபல் குறைத்துப் பாருங்கள். முன்னது 10-க்குச் சரிந்துவிடும். ஏ-லாவோ 30-க்கு மேல் நிற்கும். மெல்லொலிக்கு நெருக்கமான படிகளும் பேரொலிக்கு அகன்ற படிகளும் வைத்ததன் பலன் அது. ஆயாவின் குரல் இருப்பதும் அந்த அடிமட்டத்தில்தான். எல்லா உரப்பிலும் அளந்தால், பிசிஎம்முக்குக் கருவியையே நம்புவேன்.

1984-இல் தரப்படுத்தப்பட்ட நொடிக்கு 32 கிலோபிட் ஏடிபிசிஎம் முறைக்குக் கருவியை நம்பமாட்டேன். அது அடுத்த அளவை முன்கூட்டியே கணித்து, வித்தியாசத்தை மட்டும் அனுப்புகிறது. கருவிச் சோதனைக்குத் தரும் மாறாத ஒற்றைத் தொனியைக் கணிப்பது எளிது, பேச்சு அப்படியல்ல. இங்கே காதுதான் நீதிபதி. பிசிஎம் மாற்றம் ஒன்றுக்கு 1 அலகு, ஏடிபிசிஎம்முக்கு 3.5 அலகு என்று சிதைவுக் கணக்கு வகுக்கப்பட்டது. ஓர் அழைப்புக்கு மொத்த வரம்பு 14. வழியில் நான்கு முறை ஏடிபிசிஎம் வந்தால் கணக்கு தீர்ந்தது.

காது தரும் மதிப்பெண்ணிலும் ஒரு குறை உண்டு: எந்த ஒலி தொலைந்தது என்று அது சொல்லாது. இந்தத் தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையே கடத்துகிறது. 'ஸ்' ஒலியின் சீறலில் பெரும்பகுதி அதற்கு மேலே இருப்பதால் எண்ணாக மாறும் முன்பே வெட்டுப்படுகிறது. பிட்டுகளைக் கூட்டினாலும் திரும்பாது. இதற்குப் பொருளை வைத்து ஊகிக்க முடியாத அசைகளைப் படித்துக் காட்டும் சோதனையே நல்லது. குடியாத்தத்தில் ஆயா 'அல, அழ, அஷ, அள, அஸ' என்று வரிசை மாற்றி மாற்றிச் சொல்லட்டும். வேலூரில் பேரன் காதில் விழுந்ததை எழுதட்டும். எத்தனை சரி என்று பிறகு எண்ணிக்கொள்ளலாம்.