நாலு வருஷமா லஞ்சன் மீட் பொரிச்சுப் பாத்ததுல தெரிஞ்சுக்கிட்டது

நாலு வருஷத்துக்கு மேல ஆச்சு, எங்க வீட்டு அலமாரில லஞ்சன் மீட் (பன்றிக்கறிய அரைச்சு வேக வச்சு டின்ல அடைச்சு விக்கறது) இல்லாத மாசமே கிடையாது. ஸ்பாம், டியூலிப், மாலிங்னு பிராண்டுங்க, அப்புறம் விலை கம்மின்னு வாங்கின நாலஞ்சு டின்னுங்க, எல்லாத்தையும் ஒரே தவாவுல ஒரே தீயில போட்டுப் பாத்துட்டேன். ரொம்ப நாள் எது ருசின்னு மட்டும்தான் பாத்தேன், டின் பின்னாடி இருக்கற பொடி எழுத்த படிக்க ஆரம்பிச்ச அப்புறம்தான் ஒண்ணு மொறுமொறுன்னு வருது இன்னொண்ணு ஏன் களி மாதிரி ஆகுதுன்னே புரிஞ்சுது.

எல்லாம் ஸ்டார்ச்தாங்க, அதாவது மாவுச்சத்து. ஸ்பாமோட சாதா வகையான ஸ்பாம் கிளாசிக்ல போர்க் (ஹாம்ங்கற தொடைக்கறியும் அதுல சேர்த்தி), உப்பு, தண்ணி, உருளைக்கிழங்கு ஸ்டார்ச், சர்க்கரை, கெடாம இருக்கப் போடற சோடியம் நைட்ரைட், அவ்ளோதான். 1937-லேர்ந்து வர்ற டின், ஆனா ஸ்டார்ச் சேத்தது 2009-லதான், அதுக்கு முன்னாடி திறந்தா கறி மேல ஜெல்லி மாதிரி ஒரு படலம் நிக்குமாம், அதக் குறைக்கத்தான் சேத்திருக்காங்க. கறி அதிகமா மாவு கம்மியா இருக்கற டின்னுக்கு எண்ணெயே ஊத்தாதீங்க, சின்னத் தீயில வச்சா அதோட கொழுப்பே உருகி அதுலயே பொரிஞ்சிடும். மாவு தூக்கலா இருந்தா வெளிய சட்டுனு கருகும், உள்ள கொழகொழன்னே இருக்கும். அத பொரிக்காம சூப்ல கடைசியா போடுங்க, சாற இழுத்துக்கிட்டு நல்லா இருக்கும்.

பொரிக்க என் கை போறது ஸ்பாமுக்கும் டியூலிப்புக்கும்தான். மாலிங் கொஞ்சம் மெத்துன்னு இருக்கும், மசாலா வாசம் தனியா தெரியும், பொடிசா நறுக்கி முட்டையோட ஃப்ரைட் ரைஸ்ல போட அதுதான் எனக்குப் பிடிச்சது. விலை கம்மி டின் ஒண்ணுல, பேரு வேணாம், கடிக்கும்போது நறுக்கு நறுக்குன்னு கெட்டியா ஏதோ மாட்டிச்சு, ரெண்டாவது டின்னும் அப்படியே, அதோட விட்டுட்டேன்.

வெட்டறதுக்கு முன்னாடி டின்ன ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வச்சிடுங்க, துண்டு உடையாம வரும். அரை சென்டிமீட்டர் தடிமன் இருந்தா மொறுமொறுப்பு, ஒரு சென்டிமீட்டர் போனா வெளிய சிவந்து உள்ள மெதுவா இருக்கும். தவால போட்டுட்டு சும்மா சும்மா புரட்டாதீங்க, அடி சிவந்தா தானா விட்டு வரும்.

உப்பு விஷயத்துல மட்டும் நான் ரொம்ப கறார். ஸ்பாம் கிளாசிக்ல 56 கிராமுக்கே 790 மில்லிகிராம் சோடியம், 340 கிராம் டின்ன ரெண்டு பேர் காலி பண்ணா ஆளுக்கு 2,300 மில்லிகிராமுக்கு மேல போயிடுது, உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுசுக்கே 2,000-க்குக் கீழதான் இருக்கணும்னு சொல்லுது. ப்ராசஸ்ட் மீட், அதாவது இந்த மாதிரி பதப்படுத்தின கறி, புற்றுநோய் உண்டாக்கும்னு 2015-லயே அவங்களோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு வகைப்படுத்திடுச்சு, அதனால இத தினசரி சாப்பாடா வைக்கவே மாட்டேன், மாசத்துக்கு ரெண்டு டின், அதுவும் நாலு பேருக்கு. 25% சோடியம் கம்மியான ஸ்பாமும் வருது, பொரிச்சா ரெண்டுக்கும் வித்தியாசம் எங்க வீட்ல யாருக்குமே தெரியல, இப்ப அதத்தான் வாங்கறேன். மத்த பிராண்ட்னா உப்பு குறையட்டும்னு வெட்டின துண்டுங்கள ரெண்டு நிமிஷம் வெந்நீர்ல போட்டு எடுத்து ஈரம் போக நல்லா ஒத்திட்டு பொரிப்பேன். ஈரம் இருந்தா தெறிக்கும், கை பத்திரம்.

வாங்கும்போது டின் உப்பியிருந்தாலோ மூடி விளிம்புல நசுங்கியிருந்தாலோ தொடவே தொடாதீங்க. மிச்சம் இருந்தா டின்லயே விடாம கண்ணாடி டப்பாவுல மாத்தி ஃப்ரிட்ஜ்ல வச்சு மூணு நாளைக்குள்ள முடிச்சிடுங்க. ஃப்ரீசர்ல வச்சும் பாத்தேன், கெட்டுப் போகல, ஆனா உதிரி உதிரியா ஆயிடுச்சு, அத ஃப்ரைட் ரைஸ்ல போட்டுத்தான் தீத்தேன்.