மூச்சிரைப்புக்கு எது கைகொடுக்கும்: ஆக்சிஜனா, விசிறியா, நடையா?

விறகடுப்புப் புகையில் நாற்பது வருடம் சமைத்த என் அத்தைக்கு சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். குளியலறைக்குப் போய்த் திரும்பினாலே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முட்டியில் ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்குவார். இன்ஹேலர் தவறாமல் எடுத்தும் இளைப்பு மிச்சமிருந்தது. "ஆக்சிஜன் மெஷின் வாடகைக்கு எடுத்துடலாம்" என்றார்கள் வீட்டில்.

ஓய்வாக இருக்கும்போதே ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 88 சதவீதத்தைத் தாண்டாதவர்களுக்கு அது அவசியம். தினமும் 15 மணி நேரத்துக்குக் குறையாமல் எடுத்தால் ஆயுள் கூடும். அத்தைக்கு 94. அளவு அப்படி இறங்காத, ஆனாலும் மூச்சுத் திணறுகிற 239 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2010-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒரு பிரிவுக்கு மூக்குக்குழாயில் ஆக்சிஜன், இன்னொரு பிரிவுக்கு அதே குழாயில் வெறும் அறைக்காற்று. இரண்டு பிரிவுக்கும் கிடைத்த நிம்மதியில் வித்தியாசமே இல்லை. அப்புறம், இந்த நோயில் ஆக்சிஜனை இஷ்டத்துக்குக் கூட்டினால் ரத்தத்தில் கரியமில வாயு ஏறும் ஆபத்தும் உண்டு. மருத்துவர் சொல்லாமல் எடுக்கவே கூடாது.

கையடக்க விசிறி விலையும் குறைவு, பக்கவிளைவும் இல்லை. கன்னத்திலும் உதட்டைச் சுற்றியும் குளிர்ந்த காற்று படும்போது, அங்குள்ள நரம்பு திணறல் உணர்வைத் தணிக்கிறது. நடந்து வந்து உட்கார்ந்ததும் இதை முகத்துக்கு நேரே பிடித்தால் இளைப்பு சீக்கிரம் அடங்கும். கூடவே உதடு குவித்து ஊதுவது: மூக்கால் இழுத்து, சூடான காபியை ஆற்றுவது போல, இழுத்ததைப் போல இரண்டு மடங்கு நேரம் மெதுவாக வெளியே விட வேண்டும். உள்ளே சிக்கிய காற்று வெளியேற வழி கிடைக்கும். படியேறும்போது இதற்கு ஈடில்லை.

மூச்சுத் தசைக்கு வலுவேற்ற, மூச்சை இழுத்துப் பழகும் கருவி ஒன்றும் உண்டு. அதை நடைப்பயிற்சியோடு சேர்த்தாலும் கூடுதல் பலன் சொற்பம்தான்.

என் ஓட்டு நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்கே. ஆறு முதல் பன்னிரண்டு வாரம், பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் நடை, கால் தசைப் பயிற்சி. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் குழு 2015-இல் 65 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, இளைப்பும் சோர்வும் குறைவதை உறுதி செய்தது. கெட்டுப்போன நுரையீரல் இதில் திரும்பாது. ஆனால் தேறிய கால் தசைக்கு அதே நடைக்குக் குறைந்த மூச்சு போதும். குறை என்றால், எல்லா ஊரிலும் இந்தப் பயிற்சி கிடைப்பதில்லை. முடிந்தபின் நடையை விட்டால் பலனும் சில மாதங்களில் கரைந்துவிடும்.

அதனால்தான் எட்டு வாரம் முடிந்தும் அத்தை நடையை விடவில்லை. தினமும் சாயங்காலம் குளக்கரை வரை போகிறார். பாதி வழியில் ஒரு திண்ணையில் உட்கார்ந்து, விசிறியை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்கிறார்.