இறுகிப்போன குழாய்ப் பிடி: வினிகரா, எண்ணெயா, சூடா, புல்லரா?

குழாய்ப் பிடி இறுகுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பிடி திரும்பவே மாட்டேன் என்று அடம்பிடிப்பது. இன்னொன்று, பிடி நன்றாகவே திரும்பும்; வாஷர் மாற்றலாம் என்று மேலே இருக்கும் ஸ்க்ரூவைக் கழற்றிய பிறகும் ஸ்பிண்டிலை (பிடிக்குள் நின்று அதோடு சேர்ந்து சுழலும் தண்டை) விட்டு வராது. இரண்டுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது.

முதல் வகை எளிது. பழைய வாஷர் குழாய் என்றால் ஸ்பிண்டிலைச் சுற்றியிருக்கும் கிளாண்ட் நட்டைத் துளி தளர்த்திப் பாருங்கள், ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு போதும். பல நேரம் அதோடு வேலை முடிந்துவிடும். செராமிக் டிஸ்க் கார்ட்ரிட்ஜ், அதாவது தண்ணீரைத் திறந்து மூடும் பீங்கான் தட்டுகள் அடங்கிய உருளை, உள்ள குழாய் என்றால் உள்ளே மண்ணோ உப்போ சிக்கியிருக்கும். சுத்தம் செய்து பார்ப்பதைவிட கார்ட்ரிட்ஜை மாற்றுவதே நல்லது. ஆனால் அதை எடுக்கவும் பிடி கழல வேண்டுமே! ஆக, கடைசியில் எல்லோரும் இரண்டாம் வகைக்குத்தான் வந்து நிற்கிறோம்.

எந்த வழியில் இறங்கினாலும் முதலில் ஒரு சோதனை. வேறு ஸ்க்ரூ ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பு, நீல மூடிக்கு அடியில் ஒன்று இருக்கலாம். லீவர் பிடியில் பின்பக்கமோ அடியிலோ சின்ன ஓட்டைக்குள் ஆலன் ஸ்க்ரூ (அறுகோணக் குழி உள்ள ஸ்க்ரூ) இருக்கும், பெரும்பாலும் 2.5 அல்லது 3 மி.மீ. சாவி பொருந்தும். அதைப் பார்க்காமல் இழுத்தே உடைந்த பிடிகள் ஏராளம். அப்புறம், தண்ணீர் வரும் வால்வை மூடிவிட்டு, தொட்டியின் வடிகால் ஓட்டையில் ஒரு துணியைச் சொருகி வையுங்கள். கழன்ற ஸ்க்ரூ நேராக அங்கேதான் போகும்.

பிடி ஏன் ஒட்டிக்கொள்கிறது? ஸ்பிண்டில் தலையைச் சுற்றி நுண்ணிய பற்கள் உண்டு. பிடியின் உட்பக்கப் பற்கள் அவற்றைக் கவ்வியிருக்கும். ஸ்பிண்டில் பெரும்பாலும் பித்தளை. பிடியோ பல குழாய்களில் துத்தநாகக் கலவை, மேலே குரோமியப் பூச்சு. இரண்டு உலோகங்களுக்கும் நடுவே ஈரம் இறங்கினால் துத்தநாகம் அரித்து வெள்ளைப் பொடியாகி, பற்களின் இடைவெளியை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் கடினத்தன்மை உள்ளது என்றால் சுண்ணாம்பு உப்பும் சேர்ந்துவிடும். எது அதிகம் என்பதைப் பொறுத்துதான் எந்த மருந்து வேலை செய்யும் என்பதும்.

வினிகர் சுண்ணாம்புக்கு எதிரி. நனைத்த துணியைச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் பையைக் கட்டினால் உப்பு நுரைத்துக் கரையும். வெளியே தெரியும் கறைக்கு இதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் சிக்கல் உள்ளே இருக்கிறது, மயிரிழை இடைவெளிக்குள். வினிகர் அவ்வளவு ஆழம் போய்ச் சேருவதற்குள் பொறுமை போய்விடும். இரவு முழுக்க ஊறப்போடலாம் என்று தோன்றும், வேண்டாம், பூச்சு மங்கும். சுற்றிலும் பளிங்கு பதித்திருந்தால் அதையும் அரிக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பிரித்துப் பாருங்கள். பிளீச்சோடு வினிகரைக் கலக்கவே கூடாது, குளோரின் வாயு வரும். கழிப்பறை ஆசிட் பக்கமே போகாதீர்கள்.

துரு நீக்கும் எண்ணெய் ஸ்ப்ரே, அதாவது டபிள்யூடி-40 போன்றவை, இடுக்குக்குள் ஊடுருவுவதில் வினிகரை வென்றுவிடும். அரிப்புப் பொடியையும் ஓரளவு இளக்கும். ஆனால் சுண்ணாம்பைக் கரைக்காது. அதைவிடப் பெரிய குறை: பல குழாய்களில் ஒழுகாமல் தடுக்கும் ஓ-ரிங் வளையம் இபிடிஎம் என்ற ரப்பரால் ஆனது, பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அது ஊதிப்போகும். பிடியைக் கழற்றப்போய் ஒழுகலை வாங்கிக்கொண்ட கதையாகிவிடும். அடித்தே ஆக வேண்டும் என்றால், ஸ்க்ரூ ஓட்டை வழியாக மெல்லிய குழலால் ஓரிரு துளி மட்டும். சமையல் எண்ணெய் இதற்கு உதவாது. கெட்டியானது, நாளடைவில் பிசுபிசுத்துப் புது ஒட்டாகிவிடும்.

பலரும் நினைத்துப் பார்க்காத வழி சூடு. என் கணிப்பில் எண்ணெயைவிட இது மேல். ஒரு டிகிரி சூடேறினால் துத்தநாகக் கலவை மீட்டருக்கு ஏறத்தாழ 27 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விரியும். பித்தளை சுமார் 19தான். வெளியே இருக்கும் பிடி அதிகமும் உள்ளே இருக்கும் ஸ்பிண்டில் குறைவாகவும் விரிவதால் பிடிப்பு தளர்கிறது. 10 மி.மீ. அகலமுள்ள துளையில், 50 டிகிரி ஏற்றத்துக்கு, இந்த வித்தியாசம் வெறும் 4 மைக்ரான்தான். ஆனாலும் இறுகிய பொடியில் விரிசல் விழ அது உதவும். பிடியும் பித்தளை என்றால் வேகமாகச் சூடேற்ற வேண்டும். ஸ்பிண்டிலுக்குச் சூடு பரவுவதற்குள் அசைத்துவிட வேண்டும். ஹேர் டிரையர் போதும், இல்லாவிட்டால் பிடியில் துணி சுற்றிக் கொதிநீர் ஊற்றலாம். தீச்சுடர் மட்டும் கூடாது: ரப்பர் கருகும், பூச்சு உரியும். எண்ணெய் அடித்த இடத்தில் சூடே காட்டக் கூடாது, பற்றிக்கொள்ளும்.

இனி பலப்பரீட்சை. இரண்டு ஸ்க்ரூடிரைவரை அடியில் கொடுத்து நெம்புவது, கீழிருந்து சுத்தியால் தட்டுவது இரண்டிலும் விசை ஒருபக்கமாக விழுகிறது. ஸ்பிண்டில் வளையும், பீங்கான் தொட்டியில் கீறல் விழும். புல்லர், அதாவது பிடியை இழுத்தெடுக்கும் கருவி, அப்படியில்லை. அதன் இரண்டு கொக்கிகள் பிடியின் அடிவிளிம்பைப் பிடித்துக்கொள்ளும், நடுத்தண்டு ஸ்பிண்டிலின் தலையில் ஊன்றும். தண்டைத் திருகத் திருகப் பிடி நேராக மேலே எழும். கால் சுற்று திருகுங்கள், கொஞ்சம் பொறுங்கள், பிடியைப் பக்கவாட்டில் லேசாகத் தட்டுங்கள், மறுபடி கால் சுற்று. ஒரு கட்டத்தில் "டக்" என்ற சத்தத்தோடு விட்டுவிடும். பற்களிலிருந்து வெள்ளைப் பொடி உதிர்வதைப் பார்க்கலாம். நடுத்தண்டின் முனை ஸ்பிண்டிலின் மரையைச் சிதைக்காமல் உட்காருகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

இதற்கும் எல்லை உண்டு. அடியில் கொக்கி மாட்ட விளிம்பே இல்லாத லீவர் பிடியில் புல்லர் பயன்படாது. பழைய பிளாஸ்டிக் பிடி நொறுங்கிவிடும். போனால் போகட்டும், எப்படியும் மாற்ற வேண்டியதுதான். மற்றபடி முதலில் சூடு, வெள்ளைக் கறை தெரிந்தால் கூடவே வினிகர், அதற்கும் மசியாவிட்டால் புல்லர். எண்ணெய்க்கு என் பட்டியலில் கடைசி இடம்தான்.

பிடியைப் பலி கொடுக்கத் தயார் என்றால் ஹேக்சா, அதாவது உலோகம் அறுக்கும் ரம்பம், இருக்கிறது. பிடியின் கழுத்தில் மேலிருந்து கீழாக ஒரு வெட்டு, ஸ்பிண்டிலைத் தொடுவதற்குச் சற்று முன்பே நிறுத்தி, ஸ்க்ரூடிரைவரை வெட்டில் விட்டு முறுக்கினால் பிளந்துகொள்ளும். புதுப் பிடி வாங்கப் போகும்போது ஸ்பிண்டிலையும் எடுத்துச் செல்லுங்கள். பற்களின் எண்ணிக்கை ஒன்று மாறினாலும் பொருந்தாது. சுவர்க் குழாயில் பிடியைத் திருப்பும்போது முழுக் குழாயுமே சேர்ந்து திரும்பினால் அங்கேயே நிறுத்திவிட்டு பிளம்பரைக் கூப்பிடுங்கள். சுவருக்குள் இருக்கும் இணைப்பு முறுக்கிக்கொண்டால் இந்தக் கருவிகள் எதுவும் போதாது.

கழன்ற பிடியைத் திரும்ப மாட்டும் முன் இரண்டு பக்கப் பற்களையும் பழைய டூத் பிரஷால் தேய்த்துத் துடைத்து, சிலிகான் கிரீஸை மெல்லியதாகப் பூசுங்கள். வாசலின் வேண்டாம், அதுவும் பெட்ரோலியம்தான்.