பேக்கப் என்று பணம் வாங்கினார்கள், காப்பி எடுத்தது பழைய கணக்கை

அம்பத்தூர் பக்கம் சின்ன யூனிட் நடத்துகிறவர்கள், டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் கணக்கு வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். ‘ஆட்டோமேட்டிக் கிளவுட் பேக்கப்’ என்று ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) போட்டுக் கொடுத்தவர்களிடம் நாங்கள் பட்ட பாடு வேறு யாருக்கும் வரக்கூடாது.

எங்களுடையது லேத், மில்லிங் ஜாப் ஒர்க். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் ஆபீஸுக்குள் தண்ணீர் புகுந்து சர்வர் மூழ்கிவிட்டது. ஆனாலும் தைரியமாகத்தான் இருந்தோம். பேக்கப்புக்கு வருடா வருடம் தனியாகப் பணம் கட்டுகிறோம். தினமும் ராத்திரி பச்சை டிக்கோடு ‘பேக்கப் முடிந்தது’ என்று மெயில் வருகிறது.

தண்ணீர் வடிந்ததும் வந்த டெக்னீஷியன், நனைந்த ஹார்ட் டிஸ்க்கை ஹேர் டிரையரில் காட்டிவிட்டு கரண்ட் கொடுத்தார். சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் காற்று போக ஒரு பொடித் துளை உண்டு. அது வழியாக அழுக்குத் தண்ணீர் உள்ளே போயிருக்கும்போது ஓடவிட்டால் தட்டில் கீறல் விழும். லேபில் மீட்கக்கூடியதும் போய்விடும். எங்கள் டிஸ்க் அப்படித்தான் போனது. யார் சொன்னாலும் நனைந்த டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுக்க விடாதீர்கள்.

சரி, கிளவுடிலிருந்து இறக்குங்கள் என்றோம். டேலியில் எங்கள் கம்பெனி கணக்கு திறந்தது. அதில் கடைசி வவுச்சர் (கணக்குப் பதிவு) தேதி 2021 மார்ச் 31.

பழைய வெர்ஷனான டேலி இஆர்பி 9-லிருந்து புது வெர்ஷனான டேலி பிரைமுக்கு மாற்றிக் கொடுத்ததும் இதே ஆட்கள்தான். அப்போது டேட்டா போல்டர் புது இடத்துக்குப் போய்விட்டது. பேக்கப் செட்டிங்கில் பழைய போல்டரை அப்படியே விட்டுவிட்டார்கள். யாரும் தொடாத அந்தப் போல்டரைத்தான் ராத்திரிக்கு ராத்திரி காப்பி எடுத்து டிக் போட்டிருக்கிறார்கள். கேட்டால், “அக்ரிமெண்டில் பேக்கப் என்றுதான் இருக்கிறது சார், ரெஸ்டோர் பண்ணித் தருவதாக எங்கே இருக்கிறது?” என்கிறார் அந்த ஏ.எம்.சி. கம்பெனி ஓனர். வாங்கிய பணத்துக்கு ஒரு தடவையாவது திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

விற்பனை பில்களை ஜிஎஸ்டி போர்ட்டலில் நாங்கள் தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்னிலிருந்து எடுத்தோம், கொள்முதலை ஜிஎஸ்டிஆர்-2பி ஸ்டேட்மெண்டிலிருந்து. ஆனால் எந்த பார்ட்டி எவ்வளவு பாக்கி, யாருடைய மெட்டீரியல் எவ்வளவு நம்மிடம் இருக்கிறது என்பதெல்லாம் போர்ட்டலில் கிடையாது. பேங்க் ஸ்டேட்மெண்டையும் சலான் புக்கையும் வைத்து உட்கார்ந்து எழுதினோம். தராத பாக்கியைத் தந்தாச்சு என்றவர்களும் உண்டு. வருடாந்திர ரிட்டர்ன் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்க வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டம். வெள்ளத்தில் போச்சு என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற சாஃப்ட்வேர் நிறுவனத்தில் டேட்டாபேஸ் தவறுதலாக அழிந்தபோது, பேக்கப் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அங்கே காரணம், பேக்கப் எடுக்கும் சாஃப்ட்வேரின் வெர்ஷன் டேட்டாபேஸ் வெர்ஷனோடு பொருந்தாததுதான். ஆனால் அவர்கள் நடந்ததை வெளிப்படையாகச் சொன்னார்கள். எங்கள் ஆள் இப்போது போனையே எடுப்பதில்லை.

ஏ.எம்.சி. கையெழுத்துப் போடுமுன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறு கம்ப்யூட்டரில் இறக்கி, நேற்றைய வவுச்சரை உங்கள் கண்முன் திறந்து காட்ட வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். கிளவுட் அக்கவுண்ட் உங்கள் பெயரில், உங்கள் மெயிலில் இருக்கட்டும். கூடவே ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் வாராவாரம் காப்பி எடுத்து, கழற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். ஏற்கெனவே ஏ.எம்.சி. இருக்கிறதென்றால், நாளைக்கே கூப்பிட்டு இறக்கிக் காட்டச் சொல்லுங்கள்.